யோகம்மா காத்த துடக்கு

"யோகம்மாவுக்குக் குளிசையைக் கூட்டுவம்" என்று கூட்டத்தில் டொக்டர் சொன்னபோது, பிழை என்னுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மனநலக் கிளினிக்கில் நான் வெளிக்கள உதவியாளர். பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை படித்தவள். வீடுவீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவேன். யோகம்மா இந்திய அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டு, சொந்த ஊரான வவுணதீவுக்குத் திரும்பியவர். போருக்குத் தப்பி ஓடிய அன்று தொலைந்த மகன் கிடைக்கவேயில்லை.

'ஆட்களோடு சேராமல் ஒதுங்குகிறாரா?' என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டிருந்தேன்; டொக்டர் கூட்டச் சொன்னது அதை வைத்துத்தான். கோயிலுக்குப் போவதில்லை. மகளின் கல்யாணத்தில்கூட மணவறைப் பக்கம் வரவில்லை. காரணத்தை அவர் சொல்லத்தான் செய்தார்.

"முப்பத்தொண்டு செய்யல்லியே புள்ள. துடக்கோட எப்பிடிப் போற?"

சாவீட்டுத் துடக்கு, அந்தத் தீட்டு, முப்பத்தோராம் நாள் கிரியையோடு கழியும்; தொலைந்த மகனுக்கு அது நடக்கவேயில்லை. வீட்டில் மற்றவர்கள் துடக்குக் காப்பதை விட்டுவிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் காத்தார். தாளில் இடமில்லை என்று நான் அதை எழுதவில்லை.

கொடுத்த குளிசைக்கே அவர் வயல்வட்டையில் களை பிடுங்கும்போது வரம்பில் சாய்ந்து தூங்கிவிடுகிறார். இன்னும் கூட்டினால் கூலிவேலையும் போய்விடும். கூட்டங்களில் வாய் திறக்காத நான் எழுந்து நின்றேன்.

"டொக்டர், அவ ஒதுங்கல்ல. துடக்குக் காக்கிறா."

"அப்ப லேசுதானே? கிரியையைச் செய்யச் சொல்லுங்க."

எனக்கும் சரியாகத்தான் பட்டது. மறுநாளே போய், ஐயரிடம் நானே பேசுகிறேன் என்றேன். யோகம்மா புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"நீயும் என்ட புள்ளையச் சாகடிக்கவா வந்த?"

"அப்ப துடக்கு எதுக்கு மாமி?"

"செத்திருந்தா? நான் காக்காட்டி ஆரு காக்கிற? எழும்பிப் போ. தேத்தண்ணியும் கிடையா, இது துடக்கு வீடு."

"பரவாயில்ல, ஊத்துங்க. குடிக்கிறன்."

என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அடுப்பை மூட்டினார். நான் குடித்து முடித்ததும், படகில் ஏறித் தப்பிய அன்றைய கதையைத் தொடங்கினார். மகளைத் தூக்குவதற்காக மகனின் கையை விட்டாராம். திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை. எங்கள் தாளில் இதைக் கேட்கும் கேள்வி ஒன்றுமே இல்லை.

இதை எழுதலாமா என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகு, தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக் கொடுத்தேன். டொக்டர் இரண்டு தரம் படித்தார். குளிசையைக் குறைத்தார். அடுத்த கிளினிக்கில் தானே அவரோடு அரை மணித்தியாலம் இருந்து கேட்டார்.

யோகம்மா இன்னும் கோயிலுக்குப் போவதில்லை. அவருக்கு நோவு இல்லை என்று நான் சொல்லவில்லை. அது நான் 'ஆம்' போட்ட இடத்தில் இல்லை, அவ்வளவுதான். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், பேனையை வைக்குமுன் ஏன் என்று கேளுங்கள். கேட்டதை இடமில்லாவிட்டாலும் எழுதுங்கள். கூச்சம் எனக்கு இன்னும் போகவில்லை. அதோடுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்கிறேன்.