சேற்று நிற வானம்

துரைசாமியை நான் முதலில் பார்த்தபோது அவர் ஒரு கடலைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். முப்பதடித் துணியில் அவரே எழுதிய கடல். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்த நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதுகிறவர் அவர். அந்த வருஷம், 1910 என்று நினைவு, ஜனங்கள் பயாஸ்கோப்புப் பக்கம் போய்விட்டார்கள். கம்பெனி கலைந்தது. வியாழக்கிழமைக் கப்பலில் எல்லோரும் நாகப்பட்டினம் வழியாக ஊர் திரும்புவதாக ஏற்பாடு.

அவரும் மனைவி பூவம்மாவும் சிராங்கூன் ரோட்டில், கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த எனக்கு அடுத்த அறை. வரும்போது கப்பலிலேதான் பூவம்மாவின் முதல் கரு கலைந்தது. இப்போது ஐந்தாம் மாதம். மறுபடியும் கடல் வேண்டாம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூட்டை கட்டவும் இல்லை.

பக்கத்துத் தெருவில் நாகூர் கனி மரைக்காயர் படம் பிடிக்கும் கடை திறந்திருந்தார். துணி வியாபாரத்திலிருந்து வந்தவர். கேமரா பழகி நாலு மாதம். ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிட ஒரு சீலை எழுதித் தரச் சொன்னார். நன்றாக வந்தால் நிரந்தர வேலை.

துரைசாமி ஆறு நாளில் எழுதி முடித்தார். நீல வானம், வெள்ளை மேகம், சிவப்புத் தூண் வைத்த அரண்மனை. தெருவே வந்து பார்த்தது. முதல் படம் எனக்கு. யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். நான் இங்கே சௌக்கியம் என்று எழுதும் எந்தக் கடிதத்தையும் அவ நம்புவதில்லை.

திங்கட்கிழமை படம் கைக்கு வந்தது. மேகமும் இல்லை, வானமும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. தூண்கள் கரிக்கட்டையாக நின்றன.

"இதை அனுப்பினால் அம்மா அடுத்த கப்பலில் வந்திடுவா," என்றேன்.

"ராஜா மாதிரி நிக்க வைப்பேன்னு பாத்தா, எரிஞ்சுபோன வீட்டு வாசல்ல நிக்க வச்சிட்டியேப்பா," என்றார் நாகூர் கனி. "நீ உன் கூட்டத்தோட கெளம்பு."

"சீலையில நீலம் இருக்கு மரைக்காயரே. உங்க கேமராப் பெட்டிதான் பாக்க மாட்டேங்குது."

"பெட்டிய மாத்த முடியாதுல்ல."

துரைசாமி மேஜையில் கிடந்த, படம் பதியும் கண்ணாடித் தகடுகளின் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "கிராணி ஐயா, இதுல என்ன எழுதியிருக்கு?"

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். "தகடுகளைச் சிவப்பு விளக்கில் மட்டும் திறக்கவும்."

"ஏன் சிவப்பு?"

"மத்த வெளிச்சம் பட்டா தகடு கெட்டுப்போகும். சிவப்பு பட்டா ஒண்ணும் ஆகாது," என்றார் நாகூர் கனி.

"அப்ப அதுக்குச் சிவப்பே கண்ணுக்குத் தெரியாது. அதான் தூண் கறுப்பு."

தினமும் இருட்டறையில் அந்தச் சிவப்பு விளக்கடியில் நின்றே வேலை பார்த்த நாகூர் கனி, விளக்கை இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இன்னும் ஒரே ஒரு தகடு தாங்க."

ஒரு பலகையில் தன்னிடமிருந்த எல்லாச் சாயத்தையும் வரிவரியாகப் பூசிப் படம் எடுக்க வைத்தார் துரைசாமி. மறுநாள் காலை பலகையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தார். "படத்துல இந்த நீலம் சுண்ணாம்பு வெள்ளை. இந்த மஞ்சள் கரி. இந்தக் காவி, வெள்ளை கலந்தா சாம்பல்." பிறகு எழுந்து அரண்மனைமேல் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தார். வாளியைப் பூவம்மா பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சு," என்றாள்.

"ஆமா, இருந்துச்சு," என்றார், கையை நிறுத்தாமல்.

புதன்கிழமை மத்தியானம் புதுச்சீலை தொங்கியது. வானம் சேற்று நிறம். அரண்மனை பழைய சாக்குப்பை நிறம். துறைமுகத்து ஆட்கள் இருவர் வந்து பார்த்தார்கள். "இதுக்கு முன்னால நிக்கவா புதுச்சட்டை போட்டோம்?" என்று போய்விட்டார்கள். நாகூர் கனி தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

பூவம்மா அறைக்குப் போய்க் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நல்ல சிவப்பு. "நான் நிக்கிறேன். எவ்வளவு நேரம் அசையாம இருக்கணும்?"

"மூணு எண்ணுற வரைக்கும்மா," என்றார் நாகூர் கனி.

அன்று சாயங்கால வெயில் இறங்குமுன் படம் தயாரானது. அதில் வானம் இருந்தது. மழைக்கு முந்தின வானம், திரண்ட வெள்ளை மேகம். மாளிகை முகப்பில் வீட்டுக்காரிபோல நின்றாள் பூவம்மா.

நாகூர் கனி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துரைசாமி, கப்பலுக்கு நீங்க ரெண்டு பேரும் வரலேன்னு யார்கிட்டச் சொல்லணும்?"

"நானே போய்ச் சொல்லிடறேன்," என்றார் துரைசாமி.

பூவம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் சரி. கல்யாணச் சேலை கறுப்பால்ல இருக்கு. ஊர்ல எங்கம்மா பாத்தா என்ன நெனப்பா?"

துரைசாமி படத்தை மெல்ல அவள் கையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை உதட்டில் நனைத்து, சிவப்பில் தொட்டு, முந்தானை ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். நாகூர் கனி மூச்சு விடாமல் குனிந்து பார்த்தார்.

"அடுத்து கிராணிக்கு நல்ல படமா எடுத்துத் தரேன், அவர் வானத்துக்கும் நீலம் போட்டுக் குடுத்துரு," என்றார்.

"மொதல்ல போய்க் கப்பல்ல சொல்லிட்டு வாங்க," என்றாள் பூவம்மா.

"சேலை முடியட்டும்," என்றார் அவர், தலை நிமிராமல்.