ஏழாவது போல்ட்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் என் ஷெட்டுக்கு வரலாம். எட்டு போல்ட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. திறந்து காட்டுகிறேன். கையில் மட்டும் தரமாட்டேன்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. பதினெட்டு வருடமாக பஸ் டெப்போவில் மெக்கானிக். விபத்தில் நசுங்கிய வண்டிகளுக்கு அடியில் தனியாகப் படுத்து வேலை செய்தவன். ஒரு நாளும் முதுகு சில்லிட்டதில்லை. அன்று இரவு 8.14 வரை.

என் தம்பி பந்தய டிரைவர். மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கும் பந்தயம். வண்டியைக் கட்டுவது நான், ஓட்டுவது அவன். ஜெயித்தால் பேப்பரில் அவன் படம் வரும். ஓரத்தில் என் முழங்கை கூட வராது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எனக்குப் படையே தம்பிதான்.

எங்கள் பழைய இன்ஜின் கைவிட்டுவிட்டது. காயலான் கடையில் இன்னொன்று கிடைத்தது. பந்தயத்துக்கென்றே யாரோ ஆசையாகக் கட்டிய இன்ஜின். கொண்டுவந்து பிரித்தேன். உள்ளே போல்ட்டுகள் கையால் திருகியது போல் லூசாக இருந்தன. கடைக்காரர் திறந்து பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன். பிஸ்டனைப் பிடித்திருக்கும் நான்கு கனெக்டிங் ராடில், நான்காவதன் பேரிங் மட்டும் கருகி, அது சுற்றும் கிராங் தண்டோடு ஒட்டிக் கிடந்தது. ஆயில் போகாமல் இறுகியிருக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன்.

ஸ்பேனரைத் தொடும் முன் பேப்பரில் திட்டம் போடுவது என் பழக்கம். எது புதிது, எது பழையது, எது பட்டறைக்குப் போக வேண்டும், எவ்வளவு ஆகும்... எல்லாம் ஒரே தாளில் எழுதி ஷெட் சுவரில் தொங்கவிடுவேன். நானும் தம்பியும் ஆளுக்குப் பாதி பணம் போட்டிருந்தோம்.

பிளாக்கைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர் அப்போதே சொன்னார்: "எதுல வேணாலும் மிச்சம் புடி. ராட் போல்ட்டுல புடிக்காத. ஒரு தடவ இழுபட்ட போல்ட்டு, மறுபடி இறுக்கினா இறுகுற மாதிரிதான் இருக்கும். ஓடுறப்பதான் லூசாகி, இன்ஜினையே இறுக வச்சு புத்தியக் காட்டும்."

எழுதிக்கொண்டேன். ஆனால் பட்டறைக் கூலியே திட்டத்தைத் தாண்டிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். எதையாவது குறைத்தாக வேண்டும். பட்டியலில் பளபளவென்று ஒரு டாப்பெட் கவர் இருந்தது. இன்ஜினின் தலைக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். கண்ணாடி போல பாலிஷ் போட்டு, அதில் என் பெயரைப் பொறிக்கச் சொல்லியிருந்தேன். பானெட்டைத் திறந்தால் போட்டோ எடுப்பவர்கள் கண்ணில் படும். அதைக் கைவிட மனசு வரவில்லை.

'புது ராட் போல்ட், எட்டு' என்ற வரியை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: பழையதே போதும்.

மாலை 6.40. தம்பி வந்தான். வந்ததும் கவரைத் தூக்கிப் பார்த்தான்.

"இந்த மூடிக்கு இவ்வளவா? பாதி என் பணம்ணே."

"உனக்கு அலமாரி பூரா கோப்பை. எனக்கு ஒரு மூடி ஆகாதா?"

"எல்லாம் சரி. போல்ட்டு புதுசுதானே?"

லிஸ்ட் அவன் தலைக்கு நேராகத் தொங்கியது. நான் போய் அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"புதுசுதான்."

"சத்தியமா?"

"ஓட்ட இஷ்டம்னா ஓட்டு. இல்லேன்னா ஊர்ல வேற டிரைவரே இல்லையா?"

அவன் முகம் செத்துவிட்டது. கேட்டை அறைந்து சாத்திவிட்டுப் போனான். எனக்கு அது இனித்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைத்தானே சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

7.20க்கு வேலையைத் தொடங்கினேன். பிளாக் ஸ்டாண்டில் தலைகீழாக இருந்தது. எதிரே மேஜை. மேஜைமேல் சுவரில் சாய்த்து வைத்த கவர். அதில் என் முகமும், பின்னால் ஷெட்டின் வாசலும் தெரிந்தன.

நான்கு ராட். ஒன்றுக்கு இரண்டு போல்ட். டார்க் ரெஞ்சில் அளவு வைத்துத் திருகினால், போதும் என்று அதுவே ஒரு சத்தம் போடும். உடனே போல்ட் தலையிலிருந்து ராட் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுப்பேன். போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் போல்ட். டக்.

கோடு போட்டேன்.

இரண்டாவது. டக்.

மூன்றாவது. டக்... டக்.

ரெஞ்ச் என் கையில் அசையாமல் இருந்தது. இரண்டாவது சத்தம் அதிலிருந்து வரவில்லை. தகரக் கூரை சூடு ஆறும் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது. டக்... டக்.

இப்போது அது என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினேன். யாரும் இல்லை. கேட் சாத்தியிருந்தது.

"டேய், விளையாடாத. கொன்னுடுவேன்," என்று கத்தினேன். தம்பி ஒளிந்திருக்கிறான் என்றே நினைத்தேன். அடுத்த போல்ட்டில் ரெஞ்சை வைத்தேன்.

எட்டு போல்ட்டும் முடிந்தபோது மணி 7.52.

கோடுகளைச் சரிபார்க்கக் குனிந்தேன். முதல் போல்ட்டில் கோடு உடைந்திருந்தது. அரைச் சுற்று பின்னால் திரும்பியிருந்தது. விரலால் தொட்டேன். ஆடியது.

இரண்டாவதும் ஆடியது.

எட்டும் ஆடின.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறுக்கினேன். மறுபடி கோடு போட்டேன். முடித்து நிமிர்ந்தேன். 8.14.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஹூ... ஹூ...

மூச்சு. குடத்துக்குள் வாயை வைத்து விடுவது போல.

வெளிச்சம் அடித்துப் பார்க்க மேஜை ஓரத்திலிருந்த டார்ச்சை எடுத்தேன். எடுக்க இரண்டு வினாடி ஆகியிருக்குமா?

திரும்பினால்...

இன்ஜினில் போல்ட்டே இல்லை.

எட்டும் மேஜையில் விரித்திருந்த துணிமேல் இருந்தன. ஏழு வரிசையாக. ஒன்று மட்டும் தள்ளி.

தள்ளி வைத்ததன் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் நான் எண் குத்தி வைத்திருந்தேன். ஏழு. பேரிங் கருகிக் கிடந்த அந்த நான்காவது ராடின் போல்ட்.

ஹூ... ஹூ...

காதுக்குப் பக்கத்தில்.

திரும்ப முடியவில்லை. கண் மட்டும் கவருக்குப் போனது.

அதில் என் முகம்.

என் தோளுக்கு மேல் இன்னொரு தலை.

உருண்டை. கறுப்பு. இடது பக்கம் அமுங்கியது.

முகம் இல்லை.

அது மெல்லக் குனிந்தது...

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். வீட்டுக்குள் வந்து தாழ் போட்டபோது மணி 8.17.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?" என்றாள் மனைவி. வழக்கமாகச் சொல்வதுதான். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு முழுக்க விளக்கை அணைக்கவும் விடவில்லை.

காலை 7.05. தம்பி போன் செய்தான்.

"புது டிரைவருக்கு வாழ்த்து சொல்லிடு."

"என்னடா உளர்ற?"

"கோபத்துல பேசிட்டோமேன்னு மன்னிப்பு கேக்க நேத்து எட்டு மணிக்கு வந்தேன். கம்பிக் கேட்டுக்கு வெளியவே நின்னுட்டேன். உன் முதுகை ஒட்டி ஒருத்தன் ஹெல்மெட்டோட நிக்கறான். நீ வேல பாக்கற, அவன் எட்டிப் பாக்கறான். ஒரு மணி நேரத்துல ஆளைப் புடிச்சுட்ட இல்ல? அவனுக்கு நல்ல ஹெல்மெட்டாவது வாங்கிக் குடு. இடது பக்கம் நசுங்கிக் கிடக்கு."

நான் போனைக் கட் செய்தேன்.

அன்றே கவரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். புதுப் போல்ட் எட்டும் வாங்கினேன். தம்பியை வரவழைத்து, லிஸ்ட்டைக் கையில் கொடுத்தேன். 'பழையதே போதும்' என்ற வரியை அவன் நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"நான்தான் ஓட்டப் போறேன்னு தெரிஞ்சும் இத எழுதினியா?"

"ஆமா."

அறைவான் என்று எதிர்பார்த்தேன். அறையவில்லை. அறைந்திருந்தால் தேவலை. பகல் வெளிச்சத்தில் நான் இறுக்க, அவன் தன் கையாலேயே கோடு போட்டான். ஒரு கோடும் உடையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி மலை ஏறி இறங்கி வரும்வரை நான் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன். இறங்கி வந்தான். உயிரோடு வந்தான். அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் ஒன்றை அவனிடம் நான் சொல்லவில்லை.

பந்தயம் முடிந்த மறுநாள் காலை 11.10க்குக் காயலான் கடைக்குப் போனேன். அந்த இன்ஜின் யாருடையது என்று கேட்டேன். கடைக்காரர் என்னை உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரோடது. அண்ணன் கட்டினான், தம்பி ஓட்டினான். வளைவுல இன்ஜின் இறுகிப் போச்சு. சக்கரம் சுத்தல. நேரா பாறை."

"தம்பி?"

"அங்கேயே முடிஞ்சுது. ஹெல்மெட்டு தலையோட நசுங்கிடுச்சு. கழட்டவே முடியல. அதோடயேதான் எரிச்சாங்க. நானும் பக்கத்துல நின்னேன்."

"அண்ணன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வாரம் கழிச்சு இன்ஜின விலைக்குக் கேக்கப் போனேன். ஷெட்டு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. உடைச்சோம். இன்ஜினப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்த வாக்குலயே செத்துக் கிடந்தான். உடம்புல ஒரு கீறல் இல்ல. எதிர்ல துணி விரிச்சு எட்டு போல்ட்டு. ஏழு வரிசையா, ஒண்ணு மட்டும் தள்ளி. நான்தான் அள்ளித் திரும்ப மாட்டி உனக்கு வித்தேன்."

எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இத இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த அண்ணன்காரன் தலைல ஹெல்மெட் மாட்டியிருந்துச்சு. கறுப்பு. இடது பக்கம் அமுங்கினது..."

"அது வேற ஏதாவது ஹெல்மெட்டா இருக்கும்," என்றேன்.

இல்லை என்று அவர் தலையாட்டினார்.

"நாங்க எரிச்ச ஹெல்மெட்டு."