தாய்மாமன் குடித்த பீர்

பெங்களூரில் பீர் காய்ச்சும் வேலையில் இருக்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் மகள் சொல்லிவிட்டாள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் பக்கம் தாய்மாமன் வாய் திறந்து சரி என்று சொல்ல வேண்டும். பெற்றவன் பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். என் மச்சானோ, "சாராயம் காய்ச்சறவனுக்கா பொண்ணு குடுக்கற? தூ!" என்று கத்திவிட்டு, நேராகப் போய் ஒயின்ஷாப் வரிசையில் நின்றார். அவரை நான் என்ன செய்ய முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனே எங்கள் ஊர் செஞ்சிக்கு வந்துவிட்டான். ஐஸ் பெட்டி நிறைய டின்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். "அவர் ஒரு தடவ டேஸ்ட் பண்ணிட்டு அப்பறம் முடிவு சொல்லட்டும் அங்கிள்" என்றான். மச்சானையும் கூப்பிட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். மகள் மாடிப்படியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பையன் கண்ணாடி டம்ளரில் பக்குவமாக ஊற்றினான். முதலில் முகர வேண்டுமாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கி ஊறுகாயை நக்குவதுதான் மச்சானுக்குப் பழக்கம். அப்படியே செய்தார். அடுத்து மாம்பழ பீரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தார். தடுக்கப் பார்த்தேன்.

"உனுக்கு இன்னா தெரியும் மாப்ள? ராவா குடிச்சா கொடலு வெந்துடும்."

பையன் முகம் சுண்டிப்போனது. மூன்றாவது டின்னை மட்டும் கொஞ்சம் பெருமையோடு திறந்தான். "கசப்பு வேணும்னே வச்சது சார். அந்தக் கசப்ப ரொம்ப கஷ்டப்பட்டு வரவச்சேன்."

"வேப்பங்கொழுந்து எங்க ஊட்டாண்டையே கீது. இதுக்கு பெங்களூரு போவணுமா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். எனக்கு எல்லாமே புளித்த கூழாகத்தான் தெரிந்தது. "நல்லாருக்குதுப்பா" என்றேன். வேறென்ன சொல்வது?

டின்கள் காலியாகக் காலியாக மச்சான் குழைந்தார். "நீ குடிப்பியா?" என்று திடீரென்று கேட்டார்.

"வேலைக்காக ருசி பாப்பேன் சார். வாயில வச்சிட்டு துப்பிடுவேன்."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "தானே காய்ச்சி தானே துப்பறான் மாப்ள! இவன மாதிரி எவனையாவது பாத்துகீறியா? என் மருமவள இவனுக்குக் குடுத்துடலாம்."

படியில் மகள் அழுதேவிட்டாள். அதற்குள் என் மனைவி மேலே வந்தாள்.

"குடிச்சிட்டு சொன்ன சொல்லு செல்லாது. காலைல எழுந்து எங்கண்ணன் இல்லன்னுடுவாரு."

அதுவும் உண்மைதான். ஊரில் ஒருவரும் அதை மறுக்க மாட்டார்கள். சுவரைப் பிடித்து எழுந்த மச்சான், "போதையா? இந்தத் தண்ணியிலயா?" என்று சீறினார்.

மனைவி பையனிடம் திரும்பினாள். "செஞ்சவன் நீதான, நீயே சொல்லு. இதுல போதை இருக்குதா, இல்லியா?"

அவன் டின்களைப் பார்த்தான். படியில் நின்ற மகளைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்ல ஆன்ட்டி. இது சும்மா ஜூஸ்தான்."

என் மனைவி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மகளிடம், "வெத்தல பாக்கு எடுத்துட்டு வா" என்றாள்.