காயாத தோகை

இன்று ரயில் நிலையச் சுவரில் போஸ்டர் ஒட்டியவரின் வாளியிலிருந்து மைதாப் பசை வாசம் வந்ததும், இப்போது வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் பள்ளியின் தகரக் கொட்டகை மேடை, மூடிய திரைக்குள்ளிருந்த புழுக்கத்தோடு எனக்குள் வந்து நின்றது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை அது. ஏழாம் வகுப்பில் நாங்களே பாட்டுக் கட்டிய மயில் நாடகம். மயிலாக ஆடிப் பாட வேண்டியவள் சுஜாதா. அவள் இடுப்புப் பட்டையில் காகிதத் தோகையை ஒட்டுவது என் வேலை. பசை காயாமல், தோகை என் கையோடு வந்துவிட்டது. "சொதப்புனா இதோட பாட்டு கீட்டு எல்லாம் கட்" என்று சொல்லியிருந்த அவள் நைனா முன்வரிசையில் இருந்தார்.

திரை லேசாக விலகியிருப்பதைப் பார்த்த சுஜாதா, வீட்டுத் தெலுங்கில் "தெர, தெர!" என்று பதறினாள். அவள் சொன்னது திரையை, மூடச் சொல்லி. கயிற்றைப் பிடித்திருந்த மோகன் வீட்டிலோ கதவைத் திறக்கத்தான் அப்படிச் சொல்வார்கள்; அவன் இழுத்துத் திறந்துவிட்டான்.

எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. சுஜாதா உதடு அசையாமல், "புடிச்சிகினே வாடீ" என்றாள். பாட்டு முடியும்வரை தோகையைப் பிடித்தபடி அவள் பின்னாலேயே நடந்தேன். கை நடுங்கியது, காகிதம் சலசலத்தது, எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை.

முன்வரிசையிலிருந்து அவள் நைனாவின் குரல் கேட்டது: "நெஜ மயிலாட்டம் எப்டி சிலுத்துக்குது பாரு!"