வளைந்த வரம்பு

என் அண்ணன்மார் இரண்டு பேரும் லண்டனில்தான் இருக்கிறார்கள். பெரியவர் தோர்ண்டன் ஹீத்தில், சின்னவர் விம்பிள்டனில். இருவரும் பல வருடங்களாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் யாழ்ப்பாணத்தில் இருந்த ஒரு வேலி.

எங்களைப் பெற்ற ஐயா காணியை இரண்டாகப் பிரித்து, தெற்குப் பாதியைப் பெரியவருக்கும் வடக்குப் பாதியைச் சின்னவருக்கும் கொடுத்திருந்தார். நடுவில் கிளுவந் தடிகளை நட்டு அடைத்த கதியால் வேலி ஓரிடத்தில் மட்டும் ஒரு முழம் வடக்கே வளைந்து போனது. பெரியண்ணை வேலியை வடக்கே நகர்த்தி அரக்கிவிட்டார் என்பது சின்னண்ணையின் வழக்கு. வளைவுதான் சரியான எல்லை, மிச்ச வேலி முழுவதையும் தம்பிதான் தெற்கே தள்ளிவிட்டான் என்பது பெரியண்ணையின் வழக்கு. பிறகு நாட்டில் சண்டை வந்தது, ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது, வேலியும் அழிந்தது. இப்போது அங்கே பற்றைக்காடு. யாரோ ஒருவருடைய மாடுகள் எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல் மேய்கின்றன. அண்ணன்மார் மட்டும் அந்த முழத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் என் போனுக்குத்தான் சொல்வார்கள்.

போன மாரியில் எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு நடை ஒழுங்குசெய்தார்கள். குரோய்டனுக்கு அப்பால், வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு புல் சரிவு இருக்கிறது. அதில் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய வயல் வரம்புகள் தெரியும் என்றார், பாடகர் குழுவில் இருக்கும் ஆங்கிலேயப் பெண்மணி. வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். நடந்தால் நல்லது என்று டொக்டர் சொன்னதால் இரண்டு அண்ணன்மாரும் பெயர் கொடுத்திருந்தார்கள். கார் என்னுடையது ஒன்றுதான். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். வழி முழுக்க ஆளுக்கொரு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

சரிவில் முதலில் எனக்குப் புல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெயில் சாய்ந்தபோதுதான், போர்வைக்குக் கீழே யாரோ கால் நீட்டிப் படுத்திருப்பதுபோல, நீளமாக ஒரு மேடு நிழலோடு எழும்பியது. இரண்டு குடியானவர்களின் நிலங்களுக்கு நடுவே இருந்த எல்லை அது என்றார் அந்தப் பெண்மணி. ஓரிடத்தில் அது சரிவின் மேல்நோக்கி வளைந்திருந்தது. ஒருவர் மற்றவருடைய நிலத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக உழுதிருக்கலாம் என்று சிரித்தார்.

"கீழ்ப்பக்கத்துக்காரன்தான் அரக்கியிருக்கிறான்," என்றார் சின்னண்ணை, மேட்டைப் பார்த்தபடி.

பெரியண்ணை என் பக்கம் திரும்பினார். "உன்ரை சின்னண்ணையிட்டைச் சொல்லு. வளைவுதான் பழைய எல்லை. மேலை இருந்தவன்தான் மிச்சத்தையெல்லாம் கீழை தள்ளியிருக்கிறான்."

சின்னண்ணை என் வழியாகப் பதில் சொல்லவில்லை. நேரே சொன்னார். பெரியண்ணையும் நேரே சொன்னார். எப்போதோ செத்துப்போன, பெயர்கூடத் தெரியாத இரண்டு ஆங்கிலேயருக்காக என் அண்ணன்மார் குளிரில் நின்று வழக்காடினார்கள். சின்னண்ணை வளைவைக் காலால் அளந்தார். பெரியண்ணை அந்த அளவு பிழை என்றார். பங்குக்காரர் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். பெண்மணிக்கோ முகமெல்லாம் மகிழ்ச்சி. இவ்வளவு அக்கறையோடு யாரும் இந்த மேட்டைப் பார்த்ததில்லை என்றார். என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். மண்ணின் தன்மையைப் பற்றி என்றேன்.

உற்சாகத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார். இது களவாகவே இருக்க வேண்டுமென்பதில்லையாம். எல்லையில் ஒரு பெரிய மரம் நின்றிருக்கலாம். அதைச் சுற்றி உழுதிருப்பார்கள். மரம் போய்விட்டது, வளைவு மட்டும் நின்றுவிட்டது.

அண்ணன்மார் இருவரும் வளைவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கடை வேலியிலை ஒரு இலுப்பை நிண்டதெல்லோ," என்றார் பெரியண்ணை.

"நான் சின்னனாய் இருக்கேக்கையே தறிச்சுப்போட்டினம். வேர்க்கட்டை கிடந்தது." சின்னண்ணை புல்லைக் காலால் தடவினார். "ஐயா அதைச் சுத்தித்தான் வேலி அடைச்சிருப்பார், அண்ணை."

அவர் வாயிலிருந்து அந்த 'அண்ணை' வந்து எத்தனையோ வருடங்கள். திரும்பி வரும்போது இருவரும் பின் சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். நான் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். கர்த்தருக்கு நன்றி சொல்லவும் தொடங்கிவிட்டேன்.

டிராம் பாதையைத் தாண்டும்போது பெரியண்ணை, இலுப்பை தன் பக்கத்தில்தான் நின்றது என்றார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ," என்றார் சின்னண்ணை. "பழம் முழுக்க என்ரை பக்கமெல்லே விழுந்தது."

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து மணிக்கணக்கில் போனில் கதைக்கிறார்கள், மரத்தைப் பற்றி மட்டும். வருகிற கோடையில் இருவரும் சேர்ந்து ஊருக்குப் போய், பற்றையை வெட்டி வேரைத் தோண்டிப் பார்க்கப்போகிறார்களாம். நடுவராக என்னையும் வரச்சொன்னார்கள். வேலையில் லீவு தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன்.