பஞ்சநாதனின் இடது கன்னம்

எங்கள் தெரு பஞ்சநாதனுக்கு வாய்க்குள்ளே மீசை முளைத்திருக்கிறது. சீப்பு வைத்துச் சீவலாம். சரி, மிகைதான். நாலே நாலு முடி. ஆனால் முளைத்தது சத்தியம்.

காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டே விசில் ஊதுவார். அந்த இடத்தில்தான் ஆறாத புண் வந்தது. வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் உமாமகேஸ்வரி தாளில் வரைந்து காட்டினார். புண்ணோடு, சுற்றிலும் ஒரு விரற்கடை நல்ல சதையும் போகும். கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளும் போகும். மார்புச் சதையைத் தோலோடு திருப்பி, கழுத்து வழியாக ஏற்றிக் கன்னத்தின் உள்ளே தைப்பார்கள்.

"ஏதாவது கேக்கணுமா?"

"விசில் ஊத முடியுங்களா டாக்டர்?"

"உசுரக் கேக்குறாரா பாருங்க!" என்றாள் மனைவி வடிவாம்பாள்.

"முதல்ல தண்ணி குடிக்கட்டும். விசிலுக்கு நான் உறுதி சொல்ல முடியாதுங்க."

ஆபரேஷன் மயக்கத்தில் கண்ட கனவை, பஞ்சநாதன் மூக்கில் குழாயோடு படுத்தபடி, டிக்கெட் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். பஸ் பட்டினச்சேரிக் கரையில் இறங்கி, கடலுக்குள் மெல்லப் போகிறதாம். யாரும் நனையவில்லை. பச்சை வெளிச்சத்தில் மத்தி மீன்கள் ஜன்னலோடு கூடவே வருகின்றன. பஸ்ஸுக்குள் அத்தனையும் தெரிந்த முகங்கள். "நம்ம ஸ்டாப்பிங் வந்துடுச்சுங்க" என்று ஒவ்வொருவராக மெதுவாகச் சொல்கிறார்கள். இவரிடம் ஊதக் காற்று இல்லை. பஸ் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. 'ஒருத்தருக்கும் கோபமே வரல. அதான் தாங்கல' என்று எழுதியிருந்தார்.

வெட்டிய ஓரங்கள் சுத்தம், நெறிக்கட்டிகளிலும் புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இறுகிய வாயைத் திறக்க, பல்லுக்கு நடுவே ஐஸ்குச்சிகளை அடுக்கி வைத்துப் பழகினார். பதினொன்றில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒன்று கூட்டி, பத்தொன்பது வரை வந்தார். இடம் மாறியது அந்த மார்புத் தோலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு முடி வளர்த்தது.

ஆறாம் மாதம் வேலைக்குத் திரும்பினார். திருமலைராயன்பட்டினத்தில் இறங்க ஆட்கள் எழுந்தார்கள். விசிலை வலது ஓரமாகக் கவ்வி, இடது கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஊதினார். அந்தச் சத்தம் நாகூர் வரை போனது. வயல் கொக்கெல்லாம் எழுந்து, வானத்தில் அப்படியே நின்றது.

இதுவரை நான் எழுதியதைப் பக்கத்திலிருந்து படித்த வடிவாம்பாள் சிரித்துவிட்டாள்.

"ஏன் பெரியம்மா, நானும் அந்த பஸ்லதானே இருந்தேன்? விசிலாவது, கொக்காவது! புஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு. டிரைவர் நஸ்ருதீன் அண்ணன் கண்ணாடியில இவர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வந்தாங்க. அவங்கதான் நிறுத்துனாங்க."