புல்வெளியில் விழுந்த வழுக்கை

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் புல்வெளியைப் பராமரிக்கிறவருக்குப் பெயர் 'சம்மர் கட்'. வேலைக்குச் சேர்ந்த புதிதில் புல்லை ஒருமுறை, கோடைக்கு ஒட்ட முடிவெட்டிய தலை மாதிரி வெட்டித் தொலைத்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், அப்புறம் எத்தனை பக்குவமாக வெட்டியும் போகவில்லை.

முன்பு ஒரு விளையாட்டு மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனவர், பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டார். புல்லுக்கு ஒன்று என்றால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் ஒரு விஷயத்தில் மகா கறார்: வெட்டும் மிஷினுக்கு சிமென்ட் தரையில் வைத்துத்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும்; சிந்தினால் புல் செத்துப்போகும். ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் ஒருநாள் புல்மேல் வைத்து டேங்க் மூடியைத் திறந்துவிட்டான். "இது என்ன உங்க அப்பன் வீட்டு ஷெட்டா?" என்று இவர் போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல்கள் எல்லாம் திறந்தன.

அந்த மனுஷன்தான் இந்தக் காரியத்தையும் செய்தார். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், மிஷின் பெட்ரோல் தீர்ந்து புல்வெளி நடுவில் மூச்சை விட்டது. ஷெட்டோ கட்டடத்துக்குப் பின்னால். அவ்வளவு தூரம் யார் தள்ளிக்கொண்டு போவது? கேனை எடுத்துவந்து அங்கேயே ஊற்ற ஆரம்பித்தார். சட்டைப் பையில் போன் அடித்தது, மனைவிதான். அதை எடுக்கப் போனதில் கேன் சாய்ந்து, பெட்ரோல் குபுகுபுவென்று மண்ணுக்குள் இறங்கியது. சில நாட்களில் அங்கே முறம் அகலத்துக்கு ஒரு வழுக்கை விழுந்தது.

காலை நடைக்கு வந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் அதைப் பார்த்து நின்றார். "என்னய்யா இது?"

"நாய் வேலை சார்."

வாய் முந்திக்கொண்டது. நாய் மூத்திரத்தில் புல் கருகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புல்வெளியில் ஓடி விளையாடுகிற நாய் ஒன்றே ஒன்று. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் ரிட்டயர்ட் டீச்சருடையது. அன்றைக்கே அதைக் கட்டிப்போடச் சொல்லி உத்தரவு போனது. அடுத்த கூட்டத்துக்குள் அந்த இடத்தில் புல் வராவிட்டால் நாய் குடியிருப்பிலேயே இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

'நான்தான் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். மெக்கானிக்கைத் திட்டிய வாய்க்கு அது வரவில்லை. விதை போட்டு மூடிவிடலாம் என்று நினைத்தார்.

அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார். நாயால் கருகிய இடம் என்றால், நிறையத் தண்ணீர் விட்டு அலசி, மண்ணைக் கீறி, விதை தூவினால் போதும். பெட்ரோல் குடித்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுமண் போட வேண்டும். தோண்டினால் வாடை எழும், குட்டு உடையும். ஆகவே பெட்ரோலுக்கு நாய் வைத்தியம் பார்த்தார். மேல்மண்ணைக் கீறினார், விதை தூவினார், சலித்த எருவை மேலே பரப்பிக் காலால் பதமாக மிதித்துவிட்டார். முளைக்காது என்று ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை வந்து பார்த்தால், டீச்சர் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"எங்க வீட்டுப் பிள்ளை பண்ணின வேலைக்கு நீங்க கஷ்டப்படுறீங்களே தம்பி. தண்ணியாவது நான் ஊத்துறேன். இப்படி ஊத்தினா சரியா?"

"சரிதாம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

காலையும் மாலையும் டீச்சர் வந்தார். விதை கொத்த வரும் குருவிகளைச் செய்தித்தாளை ஆட்டி விரட்டினார். உள்ளே ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த நாய் டீச்சரைப் பார்த்து முனகிக்கொண்டே இருக்கும். சம்மர் கட் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி வேலை செய்யப் பழகிக்கொண்டார். வீட்டில் சோறு இறங்காமல், கடைசியில் மனைவியிடம் கொட்டிவிட்டார்.

"வாயில்லா ஜீவன் மேல பழியைப் போட்டுட்டு வந்தா சோறு எப்படி இறங்கும்?" என்றாள் அவள். "நான் போன் பண்ணினதாலதான்னு சொல்லி அதையும் என் தலைல கட்டிடாதீங்க. போய் உண்மையைச் சொல்லுங்க."

போனார். டீச்சரைப் பார்த்ததும் பூவாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினார். அப்படியே பல நாளைக்கு நாளை வந்தது.

கூட்டம் நெருங்கிய ஒரு காலை, டீச்சர் பூவாளியைச் சாய்க்காமல் வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுகூட முளைக்கலையே தம்பி. நாயை வளர்க்க ஒருத்தர் கிடைச்சிருக்கார். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறார். உங்களைக் குறை சொல்லல. நீங்களும் எவ்வளவுதான் பாடுபடுவீங்க?"

சம்மர் கட் ஷெட்டுக்குப் போய் மண்வெட்டியோடு வந்து, ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். குப்பென்று பெட்ரோல் வாடை எழுந்தது. நடைக்கு வந்த செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னய்யா நாத்தம் இது?"

"நான் கொட்டின பெட்ரோல் சார். நாய் ஒண்ணும் பண்ணல. நான்தான் பொய் சொன்னேன்."

செயலாளர் கத்தினார். வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றார். நாயை யாரும் எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டு, வேகமாக நடந்து போனார். சம்மர் கட்டுக்கு அந்தத் திட்டு போதவில்லை. இன்னும் நாலு திட்டினால் தேவலை என்றிருந்தது.

டீச்சர் திட்டவே இல்லை. குழியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"அது பகலெல்லாம் அழுதுச்சே தம்பி. நீங்க ஜன்னல் பக்கத்துலதான வேலை செஞ்சீங்க. உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சும்மா" என்றார்.